இணக்கமான பயனர்

மாமியாரின் கண்புரை ஆபரேஷனுக்கு நாலே நாளில் தேதி கிடைத்துவிட்டது என்று நாத்தனார் வந்து சொன்னபோது, சந்தோஷப்பட வேண்டிய மருமகள் சந்தேகப்பட்டாள். அவள் தொழில் அப்படி. ஊரிலேயே பெரிய அந்தக் கண் மருத்துவமனைக்கு வெப்சைட் செய்து கொடுத்தது அவள் வேலை பார்க்கும் கம்பெனிதான். மற்றவர்கள் எழுதிக் கொடுக்கும் பக்கங்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, பிழை இருந்தால் திருப்பி அனுப்பி, இல்லையென்றால் 'சரி' என்று முத்திரை குத்துவது அவள் வேலை. கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்ப்பவள் என்பதால் ஆபீஸில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர் வைத்திருந்தார்கள். ஒரு கட்டம் மயிரிழை விலகியிருந்தாலும் அறையின் மறுகோடியிலிருந்து கண்டுபிடித்துவிடுவாள். அவள் நாற்காலியை விட்டு எழுந்தாலே புரோகிராம் எழுதுகிறவர்களின் முகம் சுண்டிப்போகும். வெளியே காட்டிக்கொள்ள மாட்டாளே தவிர, அந்தப் பெயரில் அவளுக்கு உள்ளூர ஒரு குளிர்ச்சி.

"நாலு நாள்ல எப்படிக் கிடைக்கும்? அங்க ஆறு மாசத்துக்கு வரிசை நிக்குதே" என்றாள்.

நாத்தனார் சோபாவில் காலை மடித்துப்போட்டு உட்கார்ந்தாள். பாடம் நடத்த ஆயத்தமாகிறாள் என்று அர்த்தம்.

"என்ன அண்ணி, வெப்சைட்டே உங்களோடது. உங்களுக்குத் தெரியாதா? முதல்ல ஒரு தேதி எடுக்கணும். உடனே வேணாம்னு ரத்து பண்ணணும். திரும்ப எடுக்கணும், திரும்ப ரத்து பண்ணணும். மூணாவது தடவை எடுக்கும்போது அது பயந்துடும். இந்த வாரத்துலயே இடம் குடுத்துடும்."

"இதை உனக்கு யார் சொன்னா?"

"எல்லாருக்கும்தான் தெரியும். எங்க தெருவுல பாதிப் பேருக்கு நான்தான் எடுத்துக் குடுத்தேன்."

அது மிகையில்லை. அந்தத் தெருவில் பாதிப் பேரின் பாஸ்வேர்டு நாத்தனாரின் செல்போனில் இருந்தது. எல்லாருக்கும் கணக்குத் திறந்து கொடுத்தவள் அவள்தான் என்பதால், ஞாபகம் வைத்துக்கொள்ள வசதியாக எல்லாருக்கும் ஒரே பாஸ்வேர்டு வைத்திருந்தாள். அதையும் வெள்ளந்தியாக வாய்விட்டுச் சொன்னாள். மாதாமாதம் பாஸ்வேர்டை மாற்று என்று ஆபீஸில் ஒவ்வொருவர் பின்னாலும் நின்று உயிரை வாங்குகிற பூதக்கண்ணாடி காதைப் பொத்திக்கொண்டாள்.

உள்ளறையிலிருந்து மாமியார் குரல் கொடுத்தார். "நீ ஆபீஸ்ல போய் எதையாவது கிளறி விட்டுடாதே. என் ஆபரேஷன் முடியட்டும். அதுக்கப்புறம் எந்த ஓட்டையை வேணும்னாலும் அடைச்சுக்கோ."

கணவன் டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. தன் அம்மா, தன் தங்கை, தன் மனைவி மூன்று பேரும் ஒரே விஷயத்தைப் பேசும்போது அவனுக்கு எப்போதுமே டிவியில் முக்கியமான ஏதோ ஒன்று போய்க்கொண்டிருக்கும்.

மறுநாள் ஆபீஸுக்குப் போனதும் முதல் வேலையாக, சோதனைக்கென்று தனியாக வைத்திருக்கும் நகல் வெப்சைட்டில் நாத்தனார் சொன்னபடி செய்து பார்த்தாள். எடுத்தாள், ரத்து செய்தாள். எடுத்தாள், ரத்து செய்தாள். மூன்றாம் முறை எடுத்தபோது திரை பவ்யமாக, 'உங்களுக்காக முன்கூட்டியே ஓர் இடம் ஒதுக்கியுள்ளோம்' என்றது. தன் கண்ணைத் தப்பி ஒரு பிழை வெளியே போய், ஊர் முழுக்கச் சுற்றி, கடைசியில் நாத்தனார் வாய் வழியாகத் தன் வீட்டுக்கே திரும்பி வந்திருக்கிறது. அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது.

அந்தப் பகுதியை எழுதிய புரோகிராமரின் மேஜைக்குப் போனாள். எதைக் கேட்டாலும் "அப்புறம் பார்க்கலாம்" என்பதால் அவனுக்கு அப்புறம் என்றே பெயர் நிலைத்துவிட்டது. அவன் தலையைச் சொறிந்தான்.

"அது பிழை இல்ல மேடம். ஒருத்தர் திரும்பத் திரும்ப ரத்து பண்றாருன்னா கோபமா இருக்காருன்னு அர்த்தம். வேற ஆஸ்பத்திரிக்குப் போயிடுவாரு. அதனால அவரைச் சமாதானப்படுத்த முன்னாடி இடம் குடுக்கிறோம். மேலாளர் கேட்டுத்தான் போட்டேன்."

"முன்னாடி இடம் எங்க இருக்கு? எல்லாம்தான் ஆறு மாசத்துக்கு நிரம்பியிருக்கே."

"ஏற்கெனவே இடம் வச்சிருக்கிற ஒருத்தருக்கு, தேதியைத் தள்ளிப் போட்டுக்கலாமான்னு மெசேஜ் போகும். அவரு சம்மதம்னு சொன்னா அவர் இடம் இவருக்கு வந்துடும்."

"யாருக்குப் போகும்?"

"இதுக்கு முன்னாடி சம்மதம்னு சொன்னவங்களுக்கு." அவனுக்கே தான் சொல்வது அப்போதுதான் காதில் விழுந்ததுபோல் கொஞ்சம் நிறுத்தினான். "ஒரு தடவை சம்மதிச்சவரை இணக்கமான பயனர்னு குறிச்சு வச்சுக்கும். அடுத்த தடவை முதல்ல அவரைத்தான் கேக்கும். மாட்டேன்னு சொல்றவங்களைப் போய்த் தொந்தரவு பண்ண வேணாமேன்னு."

இப்போது அவளுக்கு முழுதும் விளங்கியது. தனித்தனியாகப் பார்த்தால் இரண்டுமே கெட்டிக்காரத்தனம். இரண்டுக்கும் ஆபீஸில் கைதட்டல் கிடைத்ததுகூட ஞாபகம் வந்தது. இரண்டையும் ஒரே இடத்தில் வைத்ததும், முறைத்துக்கொள்கிறவன் முன்னே போய்க்கொண்டே இருக்கிறான், தலையாட்டுகிறவன் பின்னே போய்க்கொண்டே இருக்கிறான். இதற்குக் கம்ப்யூட்டர் எதற்கு, நம் சனங்களே போதுமே என்று நினைத்துக்கொண்டாள்.

மாமியாருக்காகத் தள்ளப்பட்ட ஆள் யார் என்று தெரிந்துகொள்ளாமல் அவளால் இருக்க முடியவில்லை. உண்மையான நோயாளிகளின் விவரம் இருக்கும் பக்கத்தைத் திறக்க அவளுக்கு அனுமதி கிடையாது. அப்புறத்துக்கு உண்டு. அவன் பாஸ்வேர்டை ஒரு மஞ்சள் சீட்டில் எழுதி மானிட்டரின் நெற்றியில் ஒட்டியிருந்த காலம் ஒன்று இருந்தது. அதைக் கண்டித்து அவளே மேலிடத்துக்கு எழுதியிருக்கிறாள். அதன் பலனாக அவன் சீட்டைக் கீபோர்டுக்கு அடியில் மாற்றிக்கொண்டான். பாதுகாப்பு ஏற்பாடு அத்தோடு முடிந்தது. அவன் டீ குடிக்கப் போன நேரம் பார்த்துப் பூதக்கண்ணாடி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் கீபோர்டைத் தூக்கினாள். செய்வது தப்பு என்று தெரிந்தேதான் செய்தாள்.

திறந்த பக்கத்தில் பெயர் எதுவும் இல்லை. நோயாளி எண், வயது, செல் நம்பர், எத்தனை முறை தள்ளிப்போடப்பட்டார் என்ற கணக்கு, அவ்வளவுதான். மாமியாருக்கு இடம் விட்டவருக்கு வயது அறுபத்தேழு. அவரை ஒன்பது முறை தள்ளியிருந்தார்கள். பக்கத்தில் ஐந்து நட்சத்திரம் போட்டு, 'மிகவும் இணக்கமானவர்' என்று மெச்சியிருந்தது. யார் பெற்ற பிள்ளையோ பாவம் என்று ஒரு கணம் இரக்கப்பட்டுவிட்டுத்தான் செல் நம்பரைப் பார்த்தாள். அதைப் படிக்க வேண்டிய அவசியமே அவளுக்கு இருக்கவில்லை. அவளுக்கு மனப்பாடமாகத் தெரிந்த நம்பர்கள் இரண்டே இரண்டு. ஒன்று அவளுடையது. இன்னொன்று அவள் அம்மாவுடையது.

பக்கத்தை மூடிவிட்டுக் கீபோர்டைப் பழையபடி சீட்டின் மேல் வைத்தாள். ஊரின் அந்தக் கோடியில் தனியாக இருக்கும் அம்மாவுக்கும் கண்ணில் புரை. இவளே ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் அதே வெப்சைட்டில் பதிவு செய்துவிட்டு வந்தாள். அதன்பிறகு போனில் கேட்கும்போதெல்லாம் அம்மா, "தேதி வரும்டி, என்ன அவசரம்?" என்பாள். இவளும் சரி என்று விட்டுவிடுவாள். நம்புவதற்கு வசதியாக இருந்தது, நம்பினாள். அதை நினைக்க இப்போது அவளுக்கு அவமானமாக இருந்தது.

நேரே மேலாளர் அறைக்குப் போனாள். கீபோர்டைத் தூக்கிய கதையையும் தன் அம்மா என்பதையும் விட்டுவிட்டு, மற்றதை எல்லாம் சொன்னாள். மேலாளர் நல்ல மனுஷர். எதையும் முழுக்கக் கேட்பார், கேட்டு முடித்ததும் சுவரில் மாட்டியிருக்கும் பயனர் திருப்தி வரைபடத்தைக் காட்டுவார்.

"புகார் வந்திருக்கா?"

"இல்ல சார்."

"பாருங்க. இணக்கமான பயனர்கள்ல ஒருத்தர்கூட இதுவரைக்கும் புகார் கொடுக்கல. திருப்தி நூத்துக்கு நூறு."

"புகார் கொடுக்காதவங்களைத்தானே சார் நாம அதுல சேர்த்திருக்கோம்."

மேலாளர் அதை யோசித்துப் பார்த்தார். பிடித்துப்போயிற்று. "அதைத்தான் நானும் சொல்றேன்" என்றார்.

அவர்மேல் குற்றம் சொல்லிப் பயனில்லை. அந்தக் கம்பெனியின் நடைமுறையே அப்படி. சோதிக்கிறவர்கள் கண்டுபிடிக்கும் பிழை மஞ்சள். மஞ்சளுக்கு நேரம் கிடைக்கும்போது வைத்தியம். வெளியே இருக்கும் ஒருவர் தன் கணக்கிலிருந்து புகார் எழுதினால்தான் அது சிவப்பாகும். சிவப்பானால் அடுத்த நாளே சரிசெய்தாக வேண்டும், பாதிக்கப்பட்டவர்களை வரிசையில் முன்னே கொண்டுவந்து மன்னிப்புக் கேட்க வேண்டும். கூடவே, அந்தப் பக்கத்துக்கு 'சரி' என்று முத்திரை குத்தியவர் யார் என்றும் பார்ப்பார்கள். சிவப்பில் பெயர் வந்தவர்கள் அந்த ஆபீஸில் அதிக நாள் தங்கியதில்லை.

"ஒரே ஒரு புகார் கொண்டு வாங்க. நோயாளியே அனுப்பணும். நாளைக்கே சரி பண்ணச் சொல்றேன்" என்றார் மேலாளர். மனப்பூர்வமாகத்தான் சொன்னார்.

முத்திரையைப் பற்றிப் பூதக்கண்ணாடிக்கு எள்ளளவும் கவலை இல்லை. இது திட்டம் போட்டவர்களின் தப்பு, சோதித்தவளுடையது அல்ல. அவள் கவலையெல்லாம் அம்மா ஏன் ஒன்பது முறையும் சம்மதித்தாள் என்பதுதான். தன் மேஜைக்கு வந்து அந்த மெசேஜ் திறக்கும் பக்கத்தைப் பார்த்தாள். நடுவில் பச்சை நிறத்தில் பெரிதாக 'சம்மதம்'. அதற்குக் கீழே சாம்பல் நிறத்தில், நூல் மாதிரி எழுத்தில் 'சம்மதமில்லை'. இதுதான் விஷயம். அம்மாவுக்கு அந்தச் சாம்பல் எழுத்து கண்ணுக்கே தெரிந்திருக்காது. கண் மருத்துவமனைக்காகச் செய்த பக்கத்தில் நல்ல கண் உள்ளவர்களுக்கு மட்டும் தெரிகிற மாதிரி ஒரு பட்டன். காரணம் பிடிபட்டதும் மனசு கொஞ்சம் லேசானது. பிழைக்குக் காரணம் கிடைத்துவிட்டால் அவளுக்குப் பாதிப் பசி அடங்கிவிடும். அரைநாள் லீவு சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

இரண்டு பஸ் மாறி, மூன்று மாடி ஏறி அம்மா வீட்டுக் கதவைத் தட்டினாள். பட்டப்பகலில் வீட்டிலிருந்த எல்லா விளக்கும் எரிந்துகொண்டிருந்தன. அம்மா கதவைத் திறந்து, முகத்தைப் பார்க்காமல், "என்னடி, ஆபீஸ் இல்லையா?" என்றாள். காலடிச் சத்தத்தை வைத்துக் கண்டுபிடித்திருக்கிறாள்.

அம்மா ஓய்வு பெறும்வரை ஓர் அச்சகத்தில் புரூஃப் பார்க்கும் வேலையில் இருந்தாள். பள்ளிக்கூடப் புத்தகங்கள் அவள் கையைத் தாண்டித்தான் அச்சுக்குப் போகும். ஒரு புள்ளி மாறியிருந்தாலும் விடமாட்டாள் என்பார்கள். மகளுக்கு அந்தக் கண் எங்கிருந்து வந்தது என்று யாரும் ஆராய்ச்சி செய்ய வேண்டியதில்லை. இப்போது அந்த அம்மா டீயை ஊற்றும்போது, கப்பின் விளிம்பில் விரல் நுனியை வைத்துச் சூடு தட்டியதும் நிறுத்தினாள். மகள் அதைப் பார்த்துவிட்டுப் பார்க்காத மாதிரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"சம்பந்தியம்மாவுக்குத் தேதி கிடைச்சிடுச்சாமே. உன் நாத்தனார் போன் பண்ணினா. நல்லபடியா முடியட்டும்" என்றாள் அம்மா.

"உன்கிட்டயும் சொன்னாளா?"

"எனக்கும் எடுத்துத் தரேன்னா. பாஸ்வேர்டு சொல்லுங்க அத்தைன்னா. நான் சொல்லல."

"ஏன்?"

"யார் கேட்டாலும் பாஸ்வேர்டைச் சொல்லக்கூடாதுன்னு நீதானே தலையில அடிச்சுச் சொல்லியிருக்கே."

மகள் கையிலிருந்த டீ கப்பைக் கீழே வைத்தாள். ஊர் உலகத்தில் தன் பேச்சைக் கேட்டு நடந்த ஒரே ஒருத்தி வரிசையின் கடைசியில் நிற்கிறாள். மாமியாருக்குக் கிடைத்தது அம்மாவின் இடம்தான் என்பதை அவள் சொல்லவில்லை. சொன்னால் அம்மா வருத்தப்பட மாட்டாள், பரவாயில்லை என்பாள். அதை இவளால் தாங்க முடியாது.

"அம்மா, தேதியைத் தள்ளிப் போட்டுக்கலாமான்னு ஆஸ்பத்திரியில இருந்து மெசேஜ் வருதா?"

"வரும் எப்பவாவது."

"எத்தனை தடவை வந்திருக்கு?"

"அதையெல்லாம் யாரு எண்ணிக்கிட்டு இருக்கா?"

"ஒன்பது தடவை."

"எண்ணி வச்சுக்கிட்டு என்னை ஏன் கேக்கிறே?"

அம்மாவின் போனை எடுத்துப் பார்த்தாள். பத்தாவது மெசேஜ் அன்று காலையே வந்து காத்துக்கொண்டிருந்தது. நாத்தனாரின் தெருவில் இன்னொருவருக்குக் கண் மங்கியிருக்கிறது போலிருக்கிறது. அதைத் திறந்து, எழுத்தைப் பெரிதாக்கி, அம்மாவின் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"இங்க பாரு. பச்சை பட்டனுக்குக் கீழ இன்னொரு பட்டன் இருக்கு. சம்மதமில்லைன்னு போட்டிருக்கு. சின்ன எழுத்து, அதான் உனக்குத் தெரியல. அந்தப் பக்கத்தைச் செஞ்சவங்க தப்பு. உன் தப்பில்ல."

அம்மா டீ கப்பைக் கைக்குக் கை மாற்றிக்கொண்டாள்.

"இனிமே இதை அமுக்கணும். பாரு, நான் அமுக்கிக் காட்டுறேன்" என்று மகள் சாம்பல் பட்டனைத் தொட்டாள்.

திரை வெளுத்தது. ஒரு வட்டம் சுற்றியது. சுற்றி முடித்து, 'ஏதோ தவறு நேர்ந்துவிட்டது, மீண்டும் முயலவும்' என்று சொல்லிவிட்டுப் பச்சை பட்டனிடமே கொண்டுவந்து விட்டது. மறுபடி அமுக்கினாள். மறுபடியும் அதே கதை.

"உன் போன்ல நெட் சரியில்ல" என்றாள்.

"நெட்டெல்லாம் நல்லாத்தான் இருக்கு."

மூன்றாம் முறை அமுக்கப் போனாள். அம்மா கையை நீட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"விடுடி. அது வேலை செய்யாது. முதல் தடவையே நான் அதைத்தான் அமுக்கினேன்."

மகளுக்குச் சட்டென்று எல்லாம் ஞாபகம் வந்தது. வெப்சைட் திறப்பதற்கு முந்தின நாள் மத்தியானம், மறுப்பதற்கும் ஒரு பட்டன் வைத்தே ஆக வேண்டும் என்று கம்பெனி வக்கீல் பிடிவாதம் பிடித்தார். அப்புறம் என்று பெயர் வாங்கியவன் அவசர அவசரமாக ஒன்றைச் செருகிக் கொடுத்தான். இவள் அந்தப் பக்கத்தைத் திறந்தாள். பட்டன் இருக்கிறதா, இருக்கிறது. எழுத்துப்பிழை இல்லையே, இல்லை. இடம் கோணலா, இல்லை. பக்கத்து அறையில் கேக் வெட்டக் கத்தியோடு நின்றுகொண்டு எல்லாரும் அவளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். 'சரி' என்று முத்திரையைக் குத்திவிட்டு எழுந்து போனாள். அந்தப் பட்டனை அழுத்தி மட்டும் பார்க்கவில்லை. மயிரிழை கோணலைப் பிடிக்கிற கண், அது வேலை செய்கிறதா என்று பார்க்கவில்லை.

அப்படியானால் அந்த வெப்சைட்டில் யாராலும் மறுத்திருக்கவே முடியாது. மறுத்துப் பார்த்துத் தோற்றவர்களும் கடைசியில் பச்சையை அமுக்கி இணக்கமானவர்கள் ஆகியிருப்பார்கள். அதற்கு நட்சத்திரம் வேறு.

"ஏம்மா என்கிட்ட சொல்லல?" என்றாள்.

"கீழ உன் கம்பெனி பேரு போட்டிருந்ததேடி. அதைச் சோதிச்சது நீதான்னு எனக்குத் தெரியாதா? அன்னிக்கு நீ போன் பண்ணி, ஒரு பிழைகூட இல்லம்மான்னு எவ்வளவு சந்தோஷமாச் சொன்னே. நான் போய் இதைச் சொன்னா ஆபீஸ்ல உனக்குக் கெட்ட பேராயிடாதா?"

"ஆபீஸ்ல சொல்ல வேணாம். என்கிட்ட மட்டும் சொல்லியிருக்கலாமே."

"உன்கிட்ட சொன்னா நீ சும்மா இருப்பியா? நேராப் போய் நான்தான் பண்ணினேன்னு சொல்லிட்டு வந்து நிப்பே. உன்னை எனக்குத் தெரியாதா?" அம்மா மீதி டீயைக் குடித்து முடித்தாள். "பச்சையை அமுக்கினா யாருக்கும் ஒண்ணும் ஆகல. கொஞ்சம் லேட்டாகும், அவ்வளவுதானே. கண்ணு எங்க ஓடிப் போயிடப் போகுது?"

மகளுக்கு அழுகை வந்தது. அதைவிட அதிகமாக வெட்கம் வந்தது. வேலைக்குப் போன காலமெல்லாம் ஒரு பிழையைக்கூட அச்சில் போகவிடாத ஒருத்தி, தன் கண்ணே மங்கிக்கொண்டு போகிறபோதும் மகளின் பிழையை மட்டும் மூடி வைத்திருந்திருக்கிறாள். இவளோ கண்ணுக்குத் தெரியாத பட்டன் என்று காரணம் கண்டுபிடித்து இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறாள்.

"புகார் எழுதணும்மா. உன் கணக்குல இருந்துதான் போகணும்" என்றாள்.

"அதெல்லாம் வேணாம்."

"நீ ஒருத்தி மட்டும் இல்ல. உன்னை மாதிரி இன்னும் நிறையப் பேர் பச்சையை அமுக்கிக்கிட்டு உக்காந்திருக்காங்க."

இந்த அஸ்திரத்துக்கு அம்மா எப்போதும் மசிந்துவிடுவாள். தனக்காக என்றால் மாட்டாள். "உன் பேரு அதுல வருமா?" என்று கேட்டாள்.

"வராது."

"சத்தியமா?"

"வராதும்மா. புகார்ல எதுக்கு என் பேரு வரப்போகுது?"

"அப்ப எழுது. எழுதினதை எனக்குப் படிச்சுக் காட்டணும்."

எழுதுவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. மகள், 'ஒன்பது முறை என் ஆபரேஷனைத் தள்ளிப்போட்டிருக்கிறீர்கள்' என்று ஆரம்பித்தாள். அம்மா அதைக் கேட்டுவிட்டு, "அவங்களா தள்ளிப்போட்டாங்க? நான்தானே சம்மதம்னு சொன்னேன், பொய் சொல்லாதே" என்றாள். 'கடுமையான மன உளைச்சல்' என்று மகள் போட்டால், அப்படி ஒன்றும் இல்லை, எடு என்றாள். 'தயவுசெய்து', 'சிரமத்துக்கு மன்னிக்கவும்' என்று அவள் சேர்க்கச் சொன்னதையெல்லாம் சேர்த்திருந்தால், கம்பெனி அதைப் பாராட்டுக் கடிதம் என்று எடுத்துச் சுவரில் மாட்டியிருக்கும். இழுபறியில் கடைசியாக ஒரே ஒரு 'தயவுசெய்து' மட்டும் தங்கியது. 'சம்மதமில்லை' பட்டன் வெப்சைட் திறந்த நாளிலிருந்தே வேலை செய்யவில்லை என்ற விஷயம் மட்டும் பூசி மெழுகாமல் தெளிவாக இருந்தது.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினால் அது அப்புறத்தின் தலையில் விடியும் என்று அவளுக்குத் தெரியும். அவசரத்தில் செருகியவன், மஞ்சள் சீட்டுக்காரன், எல்லாப் பழிக்கும் பொருத்தமான ஆள். அவன் செருகிய பட்டனை யாராவது ஒருமுறை அழுத்திப் பார்த்திருந்தால் அது வெளியே போயிருக்காது. அழுத்திப் பார்க்கத்தான் அவளுக்குச் சம்பளம். கீழே இன்னொரு வரி சேர்த்தாள். இந்தப் பட்டனை அழுத்திப் பார்க்காமலே சரி என்று முத்திரை குத்தியவர் இன்னார் என்று, தன் பெயரையும் ஆபீஸில் தனக்குக் கொடுத்திருக்கும் எண்ணையும் முழுதாக எழுதினாள்.

பிறகு அம்மாவுக்குப் படித்துக் காட்டினாள். நிதானமாக, ஒவ்வொரு வார்த்தையாக, பள்ளிக்கூடத்தில் படிப்பதுபோல் படித்தாள். கடைசி வரிக்கு முந்தின வரியோடு நிறுத்திக்கொண்டாள்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"குடு இப்படி."

அம்மா போனை வாங்கிக்கொண்டு ஜன்னலருகே போனாள். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துக் கண்ணுக்கு வெகு பக்கத்தில் கொண்டுபோனாள். ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள், அந்தக் கண்ணைத் திறந்து இன்னொன்றை மூடிப் பார்த்தாள். அச்சகத்தில் செய்ததுபோல ஆள்காட்டி விரலை வரிவரியாக நகர்த்தினாள். விரல் கடைசி வரிக்கு வந்து அங்கேயே நின்றது. மகள் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாம் புகையா இருக்குடி" என்றாள் அம்மா. "பரவாயில்ல. நீ பார்த்துட்டே இல்ல, அப்ப பிழை இருக்காது."

அனுப்பு என்ற பட்டனை, மகள் காட்டிய இடத்தில், அம்மா அழுத்தினாள். அது வேலை செய்தது.